லூர்துசாமி சூடாக்கித் தந்த சோறு

செய்தி வந்தபோது நான் தராசில் பொடி நிறுத்துக்கொண்டிருந்தேன். காலை பத்தரை மணி. கைப்பேசியில் லூர்துசாமி அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அக்கா. "அவரு போயிட்டாரு மேடம்" என்றார். அழவில்லை, அழுகையெல்லாம் மருத்துவமனை வராந்தாவிலேயே தீர்ந்துபோயிருந்தது. "வர்றேங்க்கா" என்றேன். அதற்குப் பிறகு செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பாதியில் நின்ற எடையை முழுசாக்கி, பொட்டலம் கட்டி, மேலே பெயரெழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். பதினாறு வருடப் பழக்கம் கையை நிற்கவிடவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு தாள் அச்சடிக்கப் போகிறார்கள். அதற்கு "நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க" என்று ஸ்டெல்லா அக்கா கேட்டார். கனகசெட்டிக்குளத்து உறவுக்காரர்களும் தட்டாஞ்சாவடிப் பட்டறையில் எங்களோடு வேலை செய்கிறவர்களும் படிப்பார்கள். லூர்துசாமி அண்ணனைப் பற்றி நல்ல வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. என்னைப் பற்றித்தான் இல்லை. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் செய்வது சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வில்லைகள். மின்சாரம் கொடுத்தால் அவை அதிரும். அதிர்வு பட்டால் மின்சாரம் தரும். கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கிற கருவிக்குள் இருப்பது அதுதான். பொடிகளைக் கலந்து, அழுத்தி, ஃபர்னஸ் என்கிற உலையில் சுட்டெடுக்க வேண்டும். கலவைக் கணக்கு என்னுடையது. வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய மிதப்போடு வந்தவள் நான். சுடுவது அண்ணன். மில் தொழிலாளியின் மகன். மில் மூடியபின் கிடைத்த வேலையெல்லாம் பார்த்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தவர்.

ஒருமுறை, வில்லை வாங்குகிற நிறுவனம் செய்து முடித்த கருவி ஒன்றை அனுப்பியிருந்தது. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அதைத் தன் கழுத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். உஷ் உஷ் என்று அவருடைய ரத்தம் ஓடும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "எம்மாம் ஜோரா ஓடுது பாத்தீங்களா மேடம், நம்ம வில்லை கண்டுபுடிச்சிடுச்சே" என்று குழந்தை மாதிரி சிரித்தார். அந்த ரத்தத்தில் என்னென்ன ஓடுகிறது என்று சொல்லும் கருவி எங்களிடம் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னதாகவே எங்கள் ஐந்து பேரின் டப்பாக்களும் ஃபர்னஸின் தலையில் ஏறிவிடும். யாரும் கேட்காமல் அவராகத் தொடங்கிய வழக்கம். மூடி இறுகிக்கொள்ளாமலிருக்க ஒவ்வொன்றையும் லேசாகத் தளர்த்தி வைப்பார். தயிர்சாதம் என்றால் ஓரத்தில், குழம்புச்சோறு என்றால் நடுவில். "ஆறிப்போன சோத்தைத் துன்றதுக்கு இன்னாத்துக்கு மேடம் வேலைக்கு வரணும்?" என்பார். புகைக்குழாய்ப் பக்கம் வைத்தால் டப்பா கறுத்துப்போகும். அந்த இடத்தில் எப்போதும் அவருடைய டப்பாதான் இருக்கும்.

எங்கள் வில்லையில் பெரும்பங்கு காரீயம். சுடும்போது அதில் கொஞ்சம் ஆவியாகிப் போய்விடும். போனால் வில்லை சரியாக அதிராது. அதனால் போகிற அளவைக் கணக்கிட்டு, முன்கூட்டியே அவ்வளவு காரீயப் பொடியைக் கூடுதலாகச் சேர்த்துவிடுவோம். இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். எவ்வளவு போகிறது என்று எனக்கு அச்சொட்டாகத் தெரியும். எங்கே போகிறது என்று பதினாறு வருடத்தில் ஒருநாள்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. பொடி கலக்கும் அறையில் முகமூடி கட்டாயம் என்று சட்டம் போட்டவள் நான். அந்த அறையைத் தாண்டியதும் முகமூடியைக் கழற்றிவிட்டு, ஃபர்னஸ் மேலிருந்து இறக்கிய டப்பாவைத் திறந்து, "இன்னிக்கு வஞ்சிரமாண்ணே?" என்று அவரிடம் பங்கு கேட்டுச் சாப்பிட்டேன். இப்படியொரு முட்டாள்தனம் படித்தவர்களுக்குத்தான் வரும்.

காரீயம் இல்லாத வில்லையும் செய்து பார்த்தோம். இப்போது உலகெங்கும் அதைத்தான் தேடுகிறார்கள். புதிது புதிதாகக் கலவைகள் வந்துகொண்டே இருக்கின்றன. வெளிநாட்டில் விற்க வேண்டுமானால் காரீயம் ஆகாது என்று முதலாளி சொன்னதால்தான் அதில் இறங்கினோம், அண்ணனுக்காக அல்ல. நான்கு மாதம் ஓயாமல் சுட்டார். கடற்காற்றின் ஈரத்தைப் பொடி குடித்துக்கொண்டது. வில்லைகள் விரிசல் விட்டுக்கொண்டே இருந்தன. "இது நம்ம ஊரு காத்துக்கு ஆவாது மேடம். காரீயம்தான் சொன்ன பேச்சு கேக்கும்" என்றார். எனக்கும் சலித்துவிட்டது. பழைய கலவைக்கே திரும்பினோம். இன்னும் ஆறு மாதம் பிடிவாதமாக நின்றிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இப்போது தோன்றி என்ன செய்ய?

வயிற்றுவலி அப்போதே அவருக்கு இருந்தது. கேஸ் என்று மாத்திரை போட்டுக்கொண்டார். பிறகு முகம் வெளுத்தது. பழகியவர்களின் பெயர்கள் மறந்தன. ஒருநாள் இடுக்கியால் தட்டை எடுக்கும்போது வலது மணிக்கட்டு அப்படியே தொங்கிவிட்டது. வில்லைகள் தரையெல்லாம் சிதறின. "கை சொல்றதைக் கேக்கல மேடம்" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். நானோ சிதறிய வில்லைகள் எந்தக் கலவையைச் சேர்ந்தவை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் ஓர் இளம் மருத்துவர், "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். அதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை. ரத்தத்தைச் சோதித்தார்கள். காரீயம்.

இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனேன். ஸ்டெல்லா அக்கா மருந்து வாங்கப் போயிருந்தார். அண்ணன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஃபர்னஸ் மேல டப்பா வெச்சதாலயா மேடம்?"

"இல்லண்ணே."

"உங்க எல்லாருக்கும் நான்தான வெச்சேன்."

"எங்களுக்கெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. பாத்துட்டோம்."

"அப்பாடா" என்று மூச்சு விட்டார். "அதான் பயமா இருந்திச்சி. அப்போ சரி." கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நேரத்தில் என் ரத்தப் பரிசோதனை முடிவு என் கைப்பைக்குள் இருந்தது. அதிலும் காரீயம். மற்ற மூன்று பேர் சோதித்துக்கொள்ளவே இல்லை, ஏனென்றால் நான் அவர்களிடம் சொல்லவே இல்லை. டப்பா வைக்கக் கூடாது என்று ஒரு புது விதி போட்டேன், காரணம் சொல்லாமல். "கையில இருக்கிற ஆர்டர் முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்று, என் முடிவைக் காட்டியபோது முதலாளி சொன்னார். நானும் தலையாட்டினேன். சாகப் போகிறவருக்கு ஆறுதலாகச் சொன்ன பொய், உயிரோடிருக்கிறவர்களிடம் வாயை மூடிக்கொள்ள எனக்கு வசதியாகிவிட்டது.

மேலே இருப்பதை எழுதி முடித்து ஸ்டெல்லா அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்காவின் மகள் வேலைக்குப் போயிருந்தாள். அவளுடைய பத்து மாத மகன் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தான். அக்கா அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவரு வேலைச் சட்டையை இவன் துணியோடதான மேடம் ஊற வெப்பேன்?" என்றார்.

சட்டையோடு வீட்டுக்குப் போகும் காரீயத் தூசி எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டதாக நினைத்து எழுதிய தாளில்கூட அது இல்லை.

"இதையே போடுங்க, எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும்" என்றார் பிறகு. "ரத்தம் பாக்க நாளைக்கு எத்தினி மணிக்கு இவனைத் தூக்கினு வரணும்?"

அண்ணனிடமிருந்து என்னிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று கேட்டால், அந்தப் பயத்தைத்தான் சொல்வேன். தன் உடம்பு போய்க்கொண்டிருந்தபோது, மற்றவர்களுக்கு என்ன ஆகுமோ என்று அவர் பட்ட பயம். அதை நான் ஒரு பொய்யால் அடக்கினேன். இப்போது அது என்னுடையது. பட்டறையில் இருக்கும் மூவரும் தயவுசெய்து இந்த வாரமே ரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். கூட நான் வருகிறேன். இதை நீங்கள் படிக்கும்போது குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கும். என்ன வந்தது என்று என்னிடம் கேளுங்கள். வந்ததைச் சொல்வேன்.