பெண் வீட்டுக்குப் போன மகன்

கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவான். தமிழரும் அப்படித்தான், முஸ்லிம்களும் அப்படித்தான். வேறு ஊர்களில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் சிரிப்பார்களாம். இங்கே எல்லாரும் அதுதான், சிரிக்க ஆள் இல்லை. என் கணவரும் அப்படித்தான் என் வீட்டுக்கு வந்தார், இங்கேயே கண்ணை மூடினார். அவரைப் பெற்றவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று என் ஒரே மகன் வினாயகபுரத்துக்கு மாப்பிள்ளையாகப் போகும்வரை நான் யோசித்ததே இல்லை.

அவன் வேலை பார்க்கிற கந்தோர் இன்னும் கல்முனையில்தான், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. வேலை முடிந்ததும் வந்து தேத்தண்ணி குடிப்பான். குடிக்கும்போதே கண் மணிக்கூட்டுக்குப் போகும். பிறகு மோட்டார் சைக்கிளில் அவ்வளவு தூரம் மழைக்குள் போவான். நான் வாசலில் நின்று பார்ப்பதைக் கண்ட பக்கத்து வீட்டு ராத்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன புள்ள, மூஞ்சத் தொங்கப் போட்டுட்டு இரிக்காய்? நான் மூணு மகன்மார அனுப்பிட்டு இரிக்கன். இப்ப பெருநாளைக்கு வந்து, கதிரையில இரிந்து திண்டுட்டு, உம்மா நாங்க ஊட்ட போறம் எண்டு எழும்புறானுகள்."

சொல்லிவிட்டு ராத்தாவே சிரித்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய எங்கள் தேவாலய மாதர் சங்கக் கூட்டத்தில் கடவுள் மனிதர் நடுவே இறங்கி வந்ததைப் பற்றிப் பேசுவது வருடா வருடம் என் தலையில்தான் விழும். பரலோகத்து மகிமை, தொழுவத்து வைக்கோல், வயல்வெளியில் இடையர்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்த முறை எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை. பரலோகத்தை விட்டு வந்தவரைப் பற்றி எழுதப் போனால், என் வீட்டை விட்டுப் போனவன்தான் முன்னால் வந்து நின்றான். பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு முடிவு எடுத்தேன். மகனையும் மருமகளையும் கல்முனைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுவது. வீடு சும்மா கிடக்கிறது, கந்தோர் பக்கத்தில். மருமகளின் தகப்பன் பாரிசவாதத்தில் விழுந்து கிடக்கிறார்தான். அவரைப் பார்க்க மனைவி இருக்கிறாள், இளைய மகள் இருக்கிறாள். எனக்கு யார் இருக்கிறார்கள்? மகனுக்குப் போன் எடுத்து, "ஒரு விசயம் கதைக்கணும் மகன், நேரில சொல்லுறன்" என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டேன். பிள்ளை வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு எவ்வளவு நாளோ என்று மீன்கறி வைத்து, சட்டியோடு கட்டிக்கொண்டேன். பெண் வீட்டுக்கு மாப்பிள்ளையின் தாய் சமைத்த கறி கொண்டுபோனால், உங்கள் அடுப்பில் என் மகனுக்கு வயிறு நிறையவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அது எனக்குத் தெரியாமல் இல்லை. அதுவும் மீன் பிடிக்கிற ஊருக்கு மீன்கறி. பஸ் பாலமுனையைத் தாண்டும்போது, மடியில் சட்டியோடு இருந்த என்னை நினைக்க எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் இறங்கித் திரும்ப மனம் வரவில்லை.

வினாயகபுரத்தில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. முன்பக்கம் யாரும் இல்லை. கிணற்றடியில் சத்தம் கேட்டுப் பின்னால் போனேன்.

பிளாஸ்டிக் கதிரையில் சம்பந்தி இருந்தார். ஒரு காலத்தில் கடலுக்குப் போன பெரிய உடம்பு, ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அவர் முன்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தான் என் மகன். அவர் இருந்த இடத்திலேயே வயிற்றால் போயிருந்தார். அதைக் கழுவிக்கொண்டிருந்தான். என் வீட்டில் குடித்த கோப்பையைக் கூட எடுத்து வைக்கத் தெரியாதவன். கிழவர் வாய் கோணி என்னவோ திட்டினார். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. அவனுக்கு விளங்கியது. "ஓம் மாமா, தண்ணி குளிர்தான், முடிஞ்சுது" என்றான்.

என்னைக் கண்டதும் கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் சட்டென்று துவாயை எடுத்து அவர் மடியை மூடினான்.

"அம்மா, உள்ளுக்குப் போய் இருங்க. மாமாவக் குளிப்பாட்டிப் போட்டு வாறன்."

சம்பந்தியம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து என்னைக் கூட்டிப் போனார். கறிச் சட்டியை வாங்கி, ஒரு சொல் சொல்லாமல் வைத்தார். முன் அறையில் இருந்ததிலேயே நல்ல கதிரையைத் துடைத்துப் போட்டு என்னை இருத்தினார். கொஞ்ச நேரத்தில் மகன் தட்டில் தேத்தண்ணியோடு வந்து நீட்டினான், விருந்தாளிக்கு நீட்டுகிற மாதிரி.

"இதுக்கு ஒரு ஆளப் பிடிச்சு விடேலாதா?" என்று மெல்லக் கேட்டேன்.

"பிடிச்சுப் பார்த்தவங்க அம்மா. மாமா வேற ஆக்கள்ட கைக்கு உடம்பக் குடுக்கிறார் இல்ல. வெக்கப்படுறார், அழுறார். பொம்பிளைப் பிள்ளைகளையும் கிட்ட விடுறார் இல்ல. நான் எண்டா விடுறார்."

"நீ மட்டும் என்ன?"

"நான் இந்த வீட்டு ஆள்தானே" என்றான், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல.

தேத்தண்ணி கையில் ஆறிப்போனது. இத்தனை வருடம் நான் பேசியதெல்லாம் விருந்தாளியாக வந்த ஒரு கடவுளைப் பற்றித்தான் என்று அந்தக் கதிரையில் இருந்துகொண்டு நினைத்தேன். மேலேயிருந்து வந்தார், நம்முடைய ஏழ்மையைப் பார்த்தார், மறுபடி போனார். அப்படி வந்திருந்தால் நாமும் அவருக்கு நல்ல கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, அழுக்கையெல்லாம் பின்பக்கம் மறைத்து வைத்திருப்போம். அவரும் முதலில் ஆட்களைத்தான் அனுப்பிப் பார்த்தார். தீர்க்கதரிசிகள் எத்தனை பேர் வந்தார்கள். நாம் யார் கைக்கும் உடம்பைக் கொடுக்கவில்லை. கடைசியில் இந்த வீட்டு ஆளாகவே ஒருவர் வரவேண்டியிருந்தது. நம்முடைய சோற்றைத் தின்று, நம்முடைய கோணல் வாய்ப் பேச்சைப் பழகி, நாம் வெட்கப்படாமல் காலை நீட்டுகிற அளவுக்கு நம்மில் ஒருவராகி.

அதற்கு மேல் யோசிக்க ஒன்று இருந்தது. அவரை அனுப்பிவிட்டு மேலே இருந்த தகப்பன். தன் பிள்ளை இன்னொரு வீட்டை என் வீடு என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்தவர். வாழ்நாள் முழுக்க அவரிடம் கேட்டிருக்கிறேன், முறைப்பட்டிருக்கிறேன், பயந்திருக்கிறேன். அன்றுதான் முதல் தடவையாக அவருக்காக எனக்கு அழுகை வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சம்பந்தியம்மா, பாவம், தான் கறியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று நான் அழுவதாக நினைத்தாரோ என்னவோ, "கறி நல்ல வாசமா இரிக்கு" என்றார்.

பின்னேரம் மகன் குடை பிடித்துக்கொண்டு பஸ் ஏற்றிவிட வந்தான். தூரத்தில் பஸ் தெரிந்தது.

"அம்மா, என்னவோ கதைக்கணும் எண்டீங்களே. என்ன விசயம்?"

அவன் கைகளில் இன்னும் சவர்க்கார வாசம் இருந்தது. பஸ் வந்து நின்றது. ஏறி, ஜன்னலால் தலையை நீட்டிச் சொன்னேன்.

"மாமாவக் குளிப்பாட்டினா தலைய நல்லாத் துடைச்சு விடு மகன். மழக்காலம், தடிமன் பிடிச்சிரும்."