சாம்பார் தாமதமான கயாகும் கச்சேரி

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. எங்கள் அமெரிக்க ஊரான பார்சிப்பனியில் கொட்டிக் கிடந்த பனிகூட உருகிவிட்டது. நான் உருகுவதாக இல்லை.

என் அலுவலகத்தில் டெஸ்டிங் பிரிவில் ஒரு கொரியப் பெண்மணி இருக்கிறார். சிறுவயதிலிருந்து கயாகும் வாசிப்பவர். நம் வீணையின் குடங்களைக் கழற்றிவிட்டு, நீளப் பலகையாக்கி, பன்னிரண்டு பட்டுத் தந்தி கட்டினால் ஏறக்குறைய அந்த வாத்தியம் வந்துவிடும். ஒவ்வொரு தந்தியையும் ஒரு சின்ன மரக்கட்டை தாங்கி நிற்கும். அதை ஒட்டுவது கிடையாது, நகர்த்தி நகர்த்தித்தான் சுருதி சேர்க்க வேண்டும்.

"எங்கள் பொங்கல் விழாவில் வாசியுங்கள், எங்கள் ஆட்களுக்கு இசை என்றால் உயிர்" என்று காபி மெஷின் பக்கத்தில் நின்று வாக்குக் கொடுத்தவன் நான். அதை நம்பி அவர் ஒரு மாதம் தினமும் சாதகம் செய்தார்.

விழாவில் முதலில் சினிமாப் பாட்டுக்கு ஆடிய பதினொரு குழுக்கள். அவருக்குக் கடைசி இடம். மேடையில் உட்கார்ந்து, வாத்தியத்தின் ஒரு முனையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைகளை நகர்த்த ஆரம்பித்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"டின்னர் ஓபன் ஆயிடுச்சு! சீனியர்ஸ் ஃபர்ஸ்ட், ப்ளீஸ்!"

அரங்கம் மொத்தமாக எழுந்தது. தீ பிடித்தால்கூட எங்கள் ஆட்கள் இவ்வளவு வேகமாக வெளியேற மாட்டார்கள். நான் தலைவரிடம் ஓடினேன்.

"சார், அவங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!"

"பேக்ரவுண்ட்ல வாசிக்கட்டும்யா. நல்லாத்தான் இருக்கும். பொங்கல் ஆறிடும்ல?"

பேக்ரவுண்ட்! ஒரு மாத சாதகம் இவருக்கு அப்பளம் நொறுங்கும் சத்தத்துக்குப் பக்கவாத்தியம்! ரத்தம் கொதித்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் பயம்தான் வந்தது. திங்கட்கிழமை அலுவலகத்தில் அந்தப் பெண்மணியின் முகத்தில் எப்படி விழிப்பேன்? மேடையைப் பார்த்தேன். அவர் தலை நிமிர்ந்து, காலியாகும் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை மேல் வைத்த கை அப்படியே நின்றிருந்தது.

அதற்குமேல் நடந்ததற்கு என் வாய்தான் பொறுப்பு. மைக்கைப் பிடுங்கினேன்.

"ஒரு ஸ்மால் கரெக்‌ஷன்! சாம்பார் வேன் ட்ராஃபிக்ல மாட்டிக்கிச்சு. இருபது நிமிஷம் ஆகும். எல்லாரும் வந்து உக்காருங்க!"

பக்கத்துக் கூடத்திலிருந்து பெருங்காய வாசம் கும்மென்று வந்துகொண்டிருந்தது. வாசல்வரை போய்விட்ட ஒரு அங்கிள் திரும்பிப் பார்த்து, "அப்ப இது என்ன வாசனை தம்பி?" என்றார்.

"ரசம், அங்கிள். ரசம் மட்டும் முன்னாடியே வந்துடுச்சு."

முன்வரிசையில் என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மைக்கில் என் மூச்சு வாங்குவது கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். ஆனாலும் முணுமுணுத்துக்கொண்டே பாதிப் பேர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

அவர் வாசித்தார். வலக்கை தந்தியை மீட்ட, இடக்கை கட்டைக்கு அப்பால் அதே தந்தியை அழுத்தியது. ஒரே சுரம் நடுங்கி, வளைந்து, இறங்கியது. அவசரமே இல்லாத வாசிப்பு, போகப் போக ஓட்டமெடுத்தது. காலித் தட்டோடு நின்றிருந்த ஒரு ஆன்ட்டி மெதுவாக உட்கார்ந்தார். ரசம் அங்கிள் தொடையில் தாளம் போட்டுப் பார்த்து, தவறவிட்டு, மறுபடி பிடித்து, கண்ணை மூடினார்.

"பசி மயக்கம்" என்றாள் மனைவி.

முடிந்ததும் ரசம் அங்கிள்தான் முதலில் "பேஷ்!" என்று கத்தினார். மேடையில் அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே தலை தாழ்த்தினார். நிமிர்வதற்குள் அரங்கம் காலி.

மறுநாள் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் தலைவரின் செய்தி வந்தது. சமைத்தவர்கள், கோலம் போட்டவர்கள், பதினொரு குழுக்களின் பெற்றோர்கள், பார்க்கிங் பார்த்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. கடைசியில், "டெக்னிக்கல் பிரச்சனையால் டின்னர் தாமதமானதற்கு வருந்துகிறோம்."

டெக்னிக்கல் பிரச்சனை! வாசித்தவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. உடனே எழுதினேன்: "தாமதத்துக்குக் காரணம் நான். சாம்பார் ஆறு மணிக்கே வந்துவிட்டது. வாசித்தவருக்கு நன்றி சொல்லுங்கள்." அனுப்பிவிட்டு, போனைச் சோபா மெத்தைக்கு அடியில் செருகி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தேன். தலைவர் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார். அவ்வளவுதான். கட்டைவிரல் நன்றி ஆகாது. அதே செய்தியை மறுபடி அனுப்பினேன்.