புருஷன் எழுத்து

கூட்டேரிப்பட்டுக் காலனியில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்த முதல் பெண் இசைவாணி. படித்துவிட்டு இரண்டு வருடம் அப்பாவோடு கூலிக்கு மல்லாட்டைச் செடி பிடுங்கப் போனாள். பக்கத்து வீட்டு லூர்துமேரிதான், தான் காலர் தைக்கும் திண்டிவனம் கம்பெனியில், “எங்க ஊருப் பொண்ணு சார்” என்று நச்சரித்து அவளுக்கு ஆபீஸில் இடம் பிடித்துக் கொடுத்தாள்.

திண்டிவனம் கிளையை மூடி, ஐந்து வருட சர்வீஸ் உள்ளவர்களை மட்டும் விழுப்புரம் கிளைக்கு மாற்றப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. இப்போது வேலை செய்பவர்களின் பெயர் திண்டிவனம் டேட்டாபேஸில். யார் எப்போது சேர்ந்தார்கள் என்பது விழுப்புரம் டேட்டாபேஸில். இரண்டையும் ஒரே க்வெரியில் இணைத்து, ஐந்து வருடம் ஆனவர்களின் பட்டியலை எடுக்கும் வேலை இசைவாணிக்கு வந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு ஊரிலும் வெவ்வேறு நம்பர். பெயரையும் இனிஷியலையும் வைத்து இணைத்தாள்.

“ஒரு தடவை செக் பண்ணிக்கினு தர்றேன் சார்.”

“ஜல்தியா அனுப்பும்மா. மெட்ராஸ்ல கேட்டுக்கினே கீறாங்க” என்றார் மேனேஜர் ஜெகதீசன்.

அனுப்பிவிட்டாள்.

திங்கட்கிழமை லூர்துமேரியைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். “பதினோரு வருஷமா தைக்கிறேன். எனக்கு சர்வீஸே இல்லியாம் பாப்பா!”

இசைவாணி உள்ளே ஓடிப் பார்த்தாள். விழுப்புரத்தில் லூர்துமேரிக்கு இனிஷியல் இன்னும் அப்பாவின் எழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு திண்டிவனத்தில் மட்டும் புருஷன் எழுத்தாக மாற்றியிருந்தார்கள். பொருந்தாத வரியைக் க்வெரி சத்தமில்லாமல் விட்டுவிட்டது. வேலைக்குச் சேர்ந்தபின் கல்யாணமான பெண்கள் பலர் இப்படியே விடுபட்டிருந்தார்கள். இரண்டு ஊரிலும் பிறந்த தேதி வேறொரு டேபிளில் இருந்தது. இனிஷியலை விட்டுவிட்டு, பெயரோடு அதைச் சேர்த்து க்வெரியை மறுபடி எழுதினாள். எல்லோரும் பட்டியலுக்குள் வந்துவிட்டார்கள்.

ஜெகதீசன் திரையைப் பார்த்தார். “கரெக்டுதாம்மா. ஆனா விழுப்புரத்துல வேற ஆள் எடுத்தாச்சு. இத்தக் கிளறாத, உனக்கும் பேஜாரு.”

வெளியே வந்து நடந்ததைச் சொன்னாள். லூர்துமேரி சிரித்தாள். “அந்தாளு எனக்குக் குடுத்தது அந்த ஒரு எழுத்துதான். அதுவும் சோத்துல மண்ணப் போட்டுடுச்சு.” பிறகு கேட்டாள், “அந்த லிஸ்ட்ட நீயா எழுதுன?”

“ஆமாங்க்கா.”

“செரி, உள்ள போ. நீயாவது இரு.”

மத்தியானம், வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்களைத் திண்டிவனம் டேபிளிலிருந்தும் நீக்கச் சொன்னார் ஜெகதீசன். ஒவ்வொரு வரியாக அழித்துக்கொண்டே வந்தாள். லூர்துமேரியின் பெயர் வந்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, அதையும் அழித்தாள்.