ஃபைனல் செக்கிங் நிர்மலா

எங்கள் பனியன் கம்பெனியில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீரபாண்டியில் இருக்கிறது கம்பெனி. நான் அங்கே பேக்கிங், அவள் செக்கிங். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்த்து, குறை உள்ள இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மற்றவர்கள் ஒரு தடவை பார்த்துத் தள்ளுவதை அவள் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். முதலில் திட்டுதான் விழுந்தது. பிறகு ஒரு நாள், எல்லோரும் பாஸ் செய்த லாட்டிலிருந்து அவள் ஓட்டை பீஸ்களைப் பொறுக்கி எடுத்ததில் பெரிய ஆர்டர் ஒன்று தப்பியது. சூப்பர்வைசர் ஆறுமுகசாமி அவளைக் கடைசி மேஜைக்கு, ஃபைனல் செக்கிங்குக்கு, மாற்றினார். புதிதாகச் சேரும் பெண்களை அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார்.

வீட்டிலும் அவள் கண் ஓயவில்லை. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்ப வந்து தொட்டுப் பார்ப்பாள். பஸ் ஸ்டாப்பிலிருந்து பூட்டைப் பார்க்க ஓடுவாள். கறை போகவில்லை என்று கையைக் கழுவிக்கொண்டே இருப்பாள்.

"உங்கக்கா கம்பெனிய ஊட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டா மாப்ள" என்று மச்சான் செல்வக்குமார் சிரிப்பார். போகப் போக அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

கை வெடித்தபோது தோல் டாக்டரிடம் போனோம். பஞ்சுத் தூசி அலர்ஜி என்றார். களிம்பு பிசுபிசுத்தது, அதற்கும் சேர்த்துக் கழுவினாள். இன்னொருவர் ரத்தம் எடுத்துப் பார்த்துத் தைராய்டு என்றார். மச்சானின் அம்மா கண்பட்டிருக்கிறது என்று கயிறு மந்திரித்துக் கட்டினார். ஒவ்வொன்றையும் அக்கா நம்பினாள். ஒவ்வொன்றும் சில மாதம் தாங்கியது. தீபாவளி போனஸ் வாங்கும்போதெல்லாம், போன வருஷமும் இப்படித்தானே இருந்தாள் என்று தோன்றும். இதற்குள் அவள் மேஜையில் பீஸ் தேங்க ஆரம்பித்தது. என்ன வியாதி என்றாவது தெரிந்துகொண்டு வந்து சொல், இல்லாவிட்டால் அவளை வைத்திருக்க முடியாது என்று ஆறுமுகசாமி என்னிடம் சொல்லிவிட்டார்.

கடைசியில் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னது அந்தத் தோல் டாக்டர்தான். மச்சான் வரவில்லை, என்னை அனுப்பினார். முதல் தடவை பார்த்த டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டு அடுத்த மாதம் வரச் சொன்னார். அடுத்த மாதம் அங்கே வேறு டாக்டர். அக்கா முதலிலிருந்து ஆரம்பித்தாள். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். ரொம்பக் கவனமாகப் பார்ப்பேன், நல்ல பெயர் என்றாள். நல்லதுதானே என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மூன்றாவதாகப் பார்த்த பெண் டாக்டர்தான் வீட்டையும் கம்பெனியையும் சேர்த்துக் கேட்டார். ஓசிடி, தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்றார். மருந்தும் பயிற்சியும் உண்டு, மெதுவாகத்தான் குறையும் என்றார்.

அக்கா கேட்டாள்: "அப்ப கம்பெனில என்னைய மெச்சுனதெல்லாம் இந்த நோயைத்தானுங்களா?"

"வேலை வேறம்மா. இது வேற."

"எது வரைக்கும் வேலைங்க?"

அதைச் சேர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார் டாக்டர். பிறகு என்னிடம், சந்தேகம் தீர இவர் கேட்டதையே கேட்பார், ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிச் சமாதானப்படுத்தாதீர்கள், சொல்லச் சொல்ல நோய்தான் வளரும் என்றார்.

வெளியே வந்தோம். ஆறுமுகசாமியிடம் சொல்ல ஒரு பெயர் கிடைத்துவிட்டது. மாத்திரைக் கவரைப் பிடித்தபடி அக்கா நின்றாள்.

"கண்ணு, இந்தம்மா சொல்றதாச்சும் சரியா இருக்குமா? எதுக்கும் இன்னொரு டாக்டருகிட்டக் காட்டிப் பாக்கலாமா?"

இத்தனை பேர் தப்பாகச் சொன்ன பிறகு யாராக இருந்தாலும் கேட்பார்கள். நானே கேட்டிருப்பேன். ஆனால் கேட்டது அக்காவா, அந்த நோயா? உள்ளே போய் டாக்டரிடமே விசாரிக்கலாம் என்றால் அதுவும் இன்னொரு செக்கிங்தான்.

பஸ் வந்தது, ஏறினோம். அவள் மறுபடியும் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். டாக்டர் சொன்னதைத்தான் செய்தேனா, அவளைத் தனியாக விட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.