வேறொருவர் போனுக்கு வந்த எண்

என் மகள் நலமாக இருக்கிறாளா என்பதை நான் தெரிந்துகொண்டிருந்தது ஒரு கணினி விளையாட்டின் வழியாக. சொன்னால் யாரும் நம்புவதில்லை. அலுவலகத்தில் சொன்னபோது, நான் ஏதோ ஆருடம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவள் புனேயில் வேலை பார்க்கிறாள். நான் கேரள எல்லையோரம் செங்கல் என்ற ஊரில் இருக்கிறேன். நெய்யாற்றின்கரையில் வீட்டுப் பிளான் வரைந்து கொடுக்கும் ஓர் அலுவலகத்துக்குத் தினமும் போய் வருகிறேன். நாங்கள் விளையாடுவது நாடுகளைக் கட்டி ஆளும் விளையாட்டு. எனக்கு ஒரு நாடு, அவளுக்கு ஒரு நாடு. நான் என் படையையும் கப்பலையும் நகர்த்திவிட்டு மூடிவிடுவேன். அவள் நேரம் கிடைக்கும்போது திறந்து தன்னுடையதை நகர்த்துவாள். அவள் நகர்த்தியதும் என் திரையின் மூலையில் இருக்கும் கொடி மஞ்சளாக மாறும். அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டுத்தான் காலையில் குளிக்கப் போவேன்.

போன வருடம் அவளுக்கு டெங்கு வந்தது. கூடத் தங்கியிருந்த பெண் போனில் விளித்து இந்தியில் பேசினாள். எனக்கு ஆஸ்பத்திரி என்ற ஒரு சொல்தான் புரிந்தது. மீதியைப் புரிந்துகொள்ள அலுவலகத்திலிருந்த இன்னொருவரிடம் போனைக் கொடுத்தேன். கேட்கக் கேட்க அவருடைய முகம் மாறியதைப் பார்த்தேன். ரயிலில் போய்ச் சேரும்போது அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாள். அவள் அப்பாவையும் நான் கடைசியாக அப்படி ஒரு கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். அவள் தேறினாள், வேலைக்கும் திரும்பினாள். நான் ஊருக்கு வந்தும் தேறவில்லை.

விளிக்கத் தொடங்கினேன். எழுந்தாயா, தண்ணீர் குடித்தாயா, கொசுவலை போட்டாயா என்று ஒரு நாளில் எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. ஒருநாள் அவள் எடுக்காததால் எங்கெங்கோ விசாரித்து அவளுடைய மேலதிகாரியையே விளித்துவிட்டேன். அவள் ஒரு கூட்டத்தில் இருந்தாளாம். அன்று சாயங்காலம் அவளே விளித்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அம்மா, நீ இனி விளிக்காண்டாம். எனக்கு தோணும்போ நான் விளிக்கேன். தெனமும் கேம்ல ஒரு மூவ் வைப்பேன். அது கண்டா நான் இருக்கேன்னு எடுத்துக்க."

"வைக்கலேன்னா?"

"வைப்பேன். ஆனா நீ இதையும் மீறி விளிச்சேன்னா கேமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் உண்மையாட்டாக்கும் சொல்லியேன்."

சரி என்றேன். அன்றிலிருந்து அந்தக் கொடிதான்.

மகளுக்காக நான் விளையாடக் கற்றுக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். பாலிடெக்னிக்கில் படிக்கும் காலத்திலேயே எனக்கு இந்தப் பித்து உண்டு. வரைபடம் என்றால் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். கல்யாணத்துக்குப் பிறகும், நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சொல்லிவைத்தால் திருவனந்தபுரத்திலிருந்து டிஸ்க் வரவழைத்துத் தருவார்கள். பெட்டிக்குள் டிஸ்க்கோடு மடித்த வரைபடம் ஒன்று இருக்கும். அடுக்களையில் குக்கர் விசிலடிக்கிறது, இவள் இங்கே கோட்டை கட்டுகிறாள் என்று என் கணவர் கேலி செய்வார். அவர் போன பிறகு, எட்டாம் வகுப்பில் இருந்த மகளும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் என்னைத் தோற்கடிக்கத் தொடங்கியிருந்தாள்.

இந்த விளையாட்டின் புதிய பதிப்பு வரப்போகிறது என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்னோட்டக் காட்சிகளில் மழை பெய்தது, யானைகள் ஆறு கடந்தன. நான் வெளிவரும் முன்பே புதிதாக ஒரு கணக்கு தொடங்கிப் பணம் கட்டினேன். என்னைப் போன்றவர்கள் இதை ஒவ்வொரு முறையும் செய்கிறோம். ஒவ்வொரு முறையும் ஏமாறுகிறோம்.

வந்தது. முதல் பார்வையிலேயே மனம் விட்டுப்போனது. பழைய பதிப்பில் எங்கள் ஊர் இடவப்பாதி மாதிரி ஒரு மழைக்காலம் வரும். அப்போது படை சேற்றில் சிக்கும், அதைக் கணக்கில் வைத்துத்தான் போருக்குக் கிளம்ப வேண்டும். புதியதில் அந்த மழையையே எடுத்துவிட்டார்கள். எழுத்துகள் கடுகு போல இருந்தன. எதிரி அரசர்கள் கரையில் படையை இறக்கிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். ஒரு கப்பல் தரையில் ஏறி வயல் வழியாகப் போனது. நல்ல நாடுகள் மூன்றைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றார்கள். திருப்பிக் கொடுக்கலாம் என்று போனால், நீங்கள் விளையாடிய நேரம் வரம்பைத் தாண்டிவிட்டது என்று பதில் வந்தது. அந்த நேரத்தில் பாதிக்கு மேல் நான் பார்த்துக்கொண்டிருந்தது, திருத்தங்கள் இறங்குகின்றன என்ற ஒரு பட்டையை.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பழையது இருக்கிறதே என்று அதைத் திறந்தேன். திறக்கவில்லை. புதியது வெளிவந்ததோடு சேர்த்து, பழைய விளையாட்டையும் தங்களுடைய புதிய செயலிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். இனி அதன் வழியாகத்தான் நுழைய வேண்டும். பழைய கணக்கில் நுழைய ஓடிபி வேண்டும். எந்த எண்ணுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று கடைசி இரண்டு இலக்கத்தைக் காட்டினார்கள். அது என் தமிழ்நாட்டு சிம்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இரண்டு சிம் இருந்த காலம் ஒன்று உண்டு. எல்லை தாண்டினால் ரோமிங், வருகிற விளிக்கும் காசு. பாறசாலை தாண்டிக் களியக்காவிளை சந்தையில் மீன் வாங்கப் போனாலே பேலன்ஸ் குறையும். அதனால் கேரளத்துக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்கு ஒன்று. கணினி இருந்த எங்கள் பின்னறையில் கேரள சிம்முக்கு ரேஞ்ச் கிடையாது. எல்லைக்கு அக்கரையில் இருந்த தமிழ்நாட்டு டவர்தான் நன்றாகக் கிடைக்கும். ஆகவே விளையாட்டுக் கணக்கு தொடங்கியபோது அந்த எண்ணைக் கொடுத்தேன். பிறகு ரோமிங் காசே இல்லாமல் போயிற்று. இரண்டாவது சிம்முக்கு ரீசார்ஜ் செய்வதை நானும் நிறுத்தினேன். அந்தக் கணக்கு அந்த எண்ணோடு கட்டப்பட்டிருந்தது என்பதை மறந்தே போனேன்.

டிஸ்க்காக இருந்திருந்தால் அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டிருப்பேன். இப்போது நாம் காசு கொடுத்து வாங்குவது விளையாட்டை அல்ல, உள்ளே வர அனுமதியை. அனுமதி கொடுத்தவர்கள் ஒரு காலையில் வாசலை மாற்றி வைத்துவிட்டால் அவ்வளவுதான். உதவிப் பிரிவுக்கு எழுதினேன். உங்கள் பொறுமைக்கு நன்றி என்று ஒரு பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில் மறுபடி வந்தது.

அதற்குள் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. கொடி மஞ்சளாக மாறியதா என்று பார்க்க வழியில்லை. விளித்தால் வாக்கை மீறியதாகும். இருக்கிற ஒரே நூலும் அறும். விளிக்காமல் இருந்தால், அந்தக் கண்ணாடி கண்முன் வந்து நின்றது. புனேயில் மழையா, காய்ச்சலா என்று செய்திகளைத் தேடினேன். அவளுடைய எண்ணைத் திரையில் எடுத்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். இறங்கும்போது அழுத்தாமல் பைக்குள் போடுவேன். அலுவலகத்தில் ஒரு வீட்டின் பிளானில் மாடிப்படி வரவேண்டிய இடத்தில் குளிமுறியை, ஷவர் குழாயோடு, வரைந்துவிட்டேன். வீட்டுக்காரர், மாடிக்குப் போகக் குழாயில் ஏறவேண்டுமா என்று கேட்டார்.

தினமும் காலையில் ஒரு தடவை உள்ளே நுழைய முயன்று பார்ப்பேன். ஓடிபி எங்கோ போகும். ஒருநாள், எங்கோ என்றால் எங்கே என்று தோன்றியது. என் பழைய எண்ணையே விளித்தேன். மணி அடித்தது.

"ஆராணு?" என்று ஓர் ஆண் குரல் மலையாளத்தில் கேட்டது. கேரள எண்ணைப் பார்த்துக் கேட்டிருப்பார். நான் தமிழில் விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்லவே என் காதுக்கே அது பிடிக்கவில்லை. உங்களுக்கு ஓர் எண் வரும், அதை எனக்குச் சொல்ல வேண்டும். பேப்பரில் தினமும் வருகிற மோசடிக்காரர்கள் பேசுவது இப்படித்தானே.

"அப்பிடி வா வழிக்கு," என்றார். "தெனமும் சாயங்காலமும் காலையும் உங்க ஓடிபி வந்து விழுதே, எப்ப விளிப்பியோன்னு பாத்துட்டுதான் இருந்தேன். நான் கவர்மெண்ட் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவனாக்கும். எனக்கிட்ட நடக்காது."

வைத்துவிட்டார். மறுபடி விளித்தேன். என் வயதைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், மகளைப் பற்றிச் சொன்னேன். அந்த எண் முன்பு என்னுடையது என்பதற்கு அடையாளமாக, செங்கலில் இருந்து யாராவது தவறிப்போய் விளித்ததுண்டா என்று கேட்டேன். கேஸ் ஏஜென்சியிலிருந்து விளித்துச் செங்கல் வீட்டில் ஆள் உண்டா என்று கேட்டிருக்கிறார்களாம். பிறகு சொன்னார், போனில் எதையும் சொல்ல முடியாது; ஆதாரை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மாலை களியக்காவிளைக்கு வாருங்கள், ஆளைப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கலாம்.

லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சாயாக்கடையில் அவர் காத்திருந்தார். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். நான் நிஜமாகவே பெண்தானா, வயதானவள்தானா என்று பார்க்க வந்திருப்பார் போல. அவர் என் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"கண்டா படிச்சவ மாதிரி உண்டு. இந்த வயசுல கேமா? ஜெயிச்சா என்ன கிட்டும்?"

"ஒண்ணும் கிட்டாது," என்றேன்.

"பெறவு எதுக்கு?"

லேப்டாப்பைப் பெஞ்சில் வைத்துத் திறந்தேன். அவர் தன் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். நான் பொத்தானை அழுத்தினேன். அவருடைய போன் கிணுங்கியது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒவ்வோர் இலக்கமாக, நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது போலச் சொன்னார். உள்ளே போனேன். விளையாட்டு திறக்கவில்லை. புதுப்பிப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது என்ற பட்டை வந்தது. என் போனின் இணைப்பில் அது இறங்கி முடிய மறுநாள் ஆகும்.

கொடியைப் பார்க்க முடியாது. அங்கேயே அழுதுவிடுவேன் என்று பயந்து சாயாவை எடுத்து வாயில் வைத்தேன். அப்போது அவருடைய போன் மறுபடி கிணுங்கியது.

"இதென்ன, இன்னொண்ணும் விட்டியளா?"

"இல்ல சாரே. நான் தொடவே இல்ல."

அவர் முகம் இறுகியது. எழுந்தே விட்டார். "அப்போ கூட்டாளி வேற உண்டு இல்லியா?"

போனை என் பக்கம் நீட்டிக் காட்டினார், கொடுக்கவில்லை. எண்ணுக்கு மேலே கணக்கின் பெயர் இருந்தது. அது என்னுடையது அல்ல. என் மகள் எட்டாம் வகுப்பில் தனக்கென்று வைத்துக்கொண்ட, ஒரு சேனாதிபதியின் பெயர் மாதிரி நீளமான பெயர். அவளுடைய கணக்கையும் நான்தான் தொடங்கிக் கொடுத்தேன். அதே பின்னறையில், அதே சிம்மில்.

நான் காலையில் மட்டும்தான் முயன்றேன். சாயங்காலம் வந்து விழுந்ததெல்லாம் அவளுடையது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து, என்னைப் போலவே விளிக்க மனம் வராமல், தன் நகர்வை வைக்க வாசலில் நின்று தட்டியிருக்கிறாள். தட்டிய சத்தம் இந்த மனிதரின் போனில் கேட்டிருக்கிறது. அவர் அழித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"எனக்க மகளாக்கும்," என்றேன். "இப்பம், இந்த நிமிஷம், அவ அங்க இருந்துட்டு இதத் தட்டியிருக்கா." அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு அவர் உட்கார்ந்தார். போனை என் கையில் கொடுத்தார்.

அந்த ஓடிபி சில நிமிடங்களில் செல்லாமல் போகும். என் போனில் அவளை விளித்தேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"என்னம்மா." எச்சரிக்கையான குரல்.

"எழுதிக்கோ," என்று ஆறு இலக்கத்தையும் சொன்னேன்.

விசைகளின் சத்தம் கேட்டது. "உள்ள கேறியாச்சு," என்றாள். "இது ஒனக்கு எங்கேந்து கிட்டிச்சு?"

"பெறவு சொல்லியேன். வைக்கேன்."

வைத்துவிட்டேன். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெத்த பிள்ள தின்னாளான்னு கூட கேக்கேல்லியே. நல்ல தள்ளையாக்கும் நீங்க."

நான் இரண்டு கணக்குகளுக்கும் எண்ணை மாற்றும் வரை அவருடைய கணவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அதற்கும் அவருடைய போனுக்கே ஓடிபி வந்தது. என்னைச் சாயாவுக்குக் காசு கொடுக்க விடவில்லை.

பஸ் பாறசாலையைத் தாண்டும்போது போன் அடித்தது. அவளே விளித்தாள். எடுத்ததும் கத்தத் தொடங்கினாள். என்னை அல்ல, அந்தக் கம்பெனியை. "புதுசு வாங்கினியா நீ? மழைய எடுத்துட்டானுவ அம்மா. மழை இல்லாம என்ன போரு?" கப்பல் வயலில் ஏறியதை நான் சொன்னேன். அவளுக்கு ஒரு கப்பல் மலையிலேயே ஏறியதாம். நாடுகளைத் தனியாக விற்கிறார்கள் என்றேன். அடுத்து ஆற்றுக்கும் காசு கேட்பார்கள் என்றாள். பக்கத்தில் இருந்த பெண்மணி எங்கோ போர் மூண்டுவிட்டது என்று நினைத்திருப்பார்.

அவள் மூச்சு விடும் இடைவெளிகளில் நான் காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். இருமல் இருந்ததா, சோர்வு இருந்ததா என்று. ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள். சளியா என்று கேட்க வாய் வரை வந்தது. செங்கலுக்குப் போக உதியன்குளங்கரையில் நான் இறங்க வேண்டும். நடத்துனர் ஊர்ப் பெயரைக் கூவியது காதில் விழுந்தது. எழுந்தால் இணைப்பு அறுந்துவிடும் என்பது போல ஒரு பயம். இறங்காமல் உட்கார்ந்தேன். சளியைப் பற்றிக் கேட்காமல், எதிரி அரசர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று கேட்டேன். அவள் அதைச் சொல்லத் தொடங்கினாள்.