தட்டிவிட்டுத் திறக்கும் குளோரியா

பம்ப் அறைக் கதவை இரண்டு முறை தட்டிவிட்டு, காதைச் சாய்த்து நிற்கிறார் குளோரியா. உள்ளே மனிதர் யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். துடைப்பம் வைக்கிற அலமாரி, ஒயர் ஓடும் சந்து, மூடிக் கிடக்கும் தண்ணீர்த்தொட்டி என்று எதைத் திறப்பதானாலும் முதலில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. வௌவால், மரநாய், ஒருமுறை சாரைப்பாம்பு எல்லாம் அந்தத் தட்டுக்கு விலகி வழிவிட்டிருக்கின்றன.

"சொல்லாம கொள்ளாம அது வூட்டுக்குள்ள பூந்தா, அது சும்மா வுடுமா?"

கோலார் தங்கவயலில் அவருடைய அப்பா சுரங்கத்தில் இறங்கியதும் கடப்பாரையால் தலைக்கு மேலுள்ள பாறையைத் தட்டிப் பார்ப்பாராம். கணீரென்றால் வேலை, பொத்தென்றால் ஓட்டம். மகளுக்கு வந்து சேர்ந்தது அந்தத் தட்டும், ஓடத் தயாராக நிற்கும் கால்களும்தான்.

வைட்ஃபீல்டில் துப்புரவு மேற்பார்வையாளராக அவருக்கு இது ஏழாவது அடுக்ககம். தங்கவயலிலிருந்து தினமும் வேலைக்கு வரும் மாரிக்குப்பம் ரயிலில் இடம் காலியாக இருந்தாலும் வாசலருகே நின்றேதான் வருவார். சாப்பாடும் நின்றபடியே. பேசிக்கொண்டிருக்கும்போதே காலால் மிதியடியை நேராக்குவார், ஒழுகாத குழாயை இன்னொரு முறை இறுக்குவார். "குந்தினா கால் மரத்துப் போவுது."

எலக்ட்ரீஷியன் டொமினிக்குக்கு இது தீராத வேடிக்கை. "அக்காவும் தேனீயும் ஒண்ணு. வரும், கட்டும், ஆறு மாசத்துல கம்பி நீட்டிடும்."

"நீ ஒயரைப் பாரு. கரண்டு அடிச்சா உன்னியும் நான்தான் பெருக்கணும்."

கிறிஸ்துமஸுக்கு முன்பு பதினான்காம் மாடியில், ஆளில்லாத வீட்டின் பால்கனிக் கூரையில் மலைத்தேனீக்கள் வந்து முறம் அகலத்துக்கு அடை கட்டின. குளோரியா தினமும் மேலே போய்க் கண்ணாடிக் கதவை மெல்லத் தட்டுவார். அடையை மூடி மொய்த்த தேனீக்கள் சிலிர்க்க, கறுப்பாக ஓர் அலை ஓடி அடங்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

மே மாதம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சேஷகிரி மருந்தடிக்க ஆள் சொல்லிவிட்டார். முந்தைய இடத்தில் மருந்தடித்த மறுநாள் காலை, செத்ததும் சாகாததுமாக இரண்டு வாளித் தேனீக்களை அள்ளிக் கொட்டியவர் குளோரியா. அந்த வாரமே அங்கிருந்து நின்றுவிட்டார்.

"அடை வெளுத்துத் தெரியுது பாருங்க சார். தேனும் இல்ல, குஞ்சும் இல்ல. தானா கெளம்பிடும். ஞாயித்துக்கெழம வரைக்கும் வுடுங்க."

"கொழந்தைங்க வெளையாடற எடம். யாரையாவது கொட்டித்துன்னா?"

"அப்ப நான் வேலைய வுட்டுப் போறேன் சார்."

"நீங்க எப்பவுமே போறவங்கதானேம்மா" என்றார் சேஷகிரி. ஆனாலும் ஞாயிறு பத்து மணி வரை தவணை கொடுத்தார்.

குளோரியாவுக்குச் சுருக்கென்றது. ஆறு இடங்களைத் தானாக உதறியவருக்கு, இந்த ஏழாவதை விட மனமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிறுக்கு முந்தைய மூன்று நாளும் பொழுது சாயும் நேரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினார். "தேனீ வெளிச்சத்துக்கு வந்துரும் மேடம், திரைய மட்டும் இழுத்து வுடுங்க." சிலர் இழுத்தார்கள். சிலர் கதவையே திறக்கவில்லை. மணிக்கொரு தரம் மேலே போய்த் தட்டினார். அலை ஓடிக்கொண்டேதான் இருந்தது.

ஞாயிறு ஒன்பதரைக்கே மருந்துக்காரர் முதுகில் தொட்டியோடு கீழே வந்து நின்றார். மேலே குளோரியா கண்ணாடியைத் தட்டினார். அலை ஓடவில்லை. பெருத்த இரைச்சலோடு அடை மொத்தமாக அவிழ்ந்தது. கறுப்பு மேகம்போல் ஒருமுறை பால்கனியைச் சுற்றிவிட்டு, மெட்ரோப் பாலத்தைத் தாண்டிக் கிழக்கே போய் மறைந்தது.

கொஞ்சம் பொறுத்து, பழக்கப்படி இரண்டு தட்டு தட்டிவிட்டு, ஐந்து மாதமாகப் பூட்டியிருந்த கண்ணாடிக் கதவைத் திறந்தார். வெளுத்த அடைக்குக் கீழே இறக்கை கிழிந்த ஒற்றைத் தேனீ தரையில் ஊர்ந்துகொண்டிருந்தது. குனிந்து விரலை நீட்டினார். அது தயங்கித் தயங்கிக் கட்டைவிரலில் ஏறியது.

பையில் போன் அடித்தது. சேஷகிரியாக இருக்கும். கீழேயிருந்து டொமினிக், "அக்கா, போயிடுச்சா?" என்று கத்தினார். போன் நின்று, மறுபடியும் அடித்தது.

குளோரியா வெறும் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, அந்தக் கட்டைவிரலை அசைக்காமல் வைத்திருந்தார்.