பாதிக் கட்டைவிரல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், செங்கல்பட்டில் தாவரவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்த என் அக்காவுக்குக் காட்டுக் காளான்மீது பெரும் நம்பிக்கை இருந்தது. கிருமிகளைத் தடுக்கும் ஏதோவொரு பொருள் அதற்குள் இருக்கிறது என்பாள். அவளுடைய பேராசிரியருக்கு அந்த நம்பிக்கை இல்லை. திங்கட்கிழமைக்குள் ஒரு சோதனைத் தட்டிலாவது அதைக் காட்டாவிட்டால் வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார்.

திருக்கழுக்குன்றம் சாலையோரத்தில் பட்டுப்போன ஒரு முந்திரி மரத்தில் அவள் காளான் பறித்தபோது நானும் உடனிருந்தேன். விறகு பொறுக்க வந்த ஒரு பெண்மணி, "இன்னாம்மா, அத்தப் போயி பறிச்சிகினுகீற? துன்னா வாந்திதான்" என்று எச்சரித்தாள். தின்பதற்கு அல்ல என்று அக்கா சொன்ன பதிலால் அவளுடைய கவலை கூடியது.

சனிக்கிழமை காலை, கிருமி வளர்க்கும் கூழ் உறைந்த கண்ணாடித் தட்டில் எங்கள் அடுப்படித் துணியின் அழுக்கை அக்கா தடவினாள். அம்மா அதை அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார். தட்டின் நடுவில், காளான் சாற்றில் நனைத்த சிறு காகித வில்லை ஒன்றை வைத்தாள். கிருமி வளர வெதுவெதுப்பு தேவையென்பதால், மூடிய தட்டு டி.வி. பெட்டியின்மேல் ஏறியது; எங்கள் வீட்டில் முதன்முறையாக இரண்டு நாள்கள் டி.வி. அணைக்கப்படவில்லை. விஞ்ஞானத்துக்காகத் தாம் சகித்துக்கொள்வதாக அறிவித்த அப்பா, ஒரு நிகழ்ச்சியையும் விடாமல் பார்த்தார்.

ஞாயிறு காலை, அருகில் யாருமில்லாதபோது மூடியைத் திறந்தேன். தட்டெங்கும் வெண்மை படர்ந்திருந்தது; வில்லையைச் சுற்றி மட்டும் ஒரு வளையம் வெறுமையாகக் கிடந்தது. விடைத்தாளில் இடம் விட்டால் மதிப்பெண் போய்விடும் என்பதை நன்கு அறிந்த ஐந்தாம் வகுப்பு மாணவன் நான். அங்கேயும் வளரட்டும் என்று, கோலி விளையாடிய கட்டைவிரலை அழுத்திவிட்டு மூடிவைத்தேன்.

திங்கள் காலை அக்கா தட்டை ஜன்னலோரம் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். வளையத்துக்கு வெளியே விழுந்த பாதி விரல்தடம் மஞ்சளாகத் தடித்திருந்தது. உள்ளே விழுந்த பாதி முளைக்கவே இல்லை. யார் வேலை என்று அவள் கேட்பதற்குள் நான் அழத் தொடங்கியிருந்தேன்.

"அழாதடா. உன் அழுக்கே தோத்துப்போச்சுடா" என்றாள்.

என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு தட்டை டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அவளுடைய தலைப்பு நிலைத்தது.

அக்கா மறைந்தபின் அவளுடைய ஆய்வேடு என்னிடம் வந்தது. அந்தத் தட்டின் படம் அதில் இருக்கிறது. கீழே 'தம்பியின் விரல்' என்று அவள் கையெழுத்து. அந்த வெற்றிடத்தைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள் என்பது அன்று எனக்குத் தெரியாது. மீதிப் பாதியும் வளர்ந்திருந்தால் அவள் இன்னும் மகிழ்ந்திருப்பாளே என்ற குறையோடுதான் பள்ளிக்குப் போனேன்.